பெருவிரல் விலகினால் பாரம் எங்கே போகிறது?

பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து நிற்கும் கால்களைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர்கள் இதை ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. வயது கூடக்கூடப் பெருகுகிறது. கண்ணில் படுவது புடைப்புதான். ஆனால் பலரை மருத்துவரிடம் போக வைப்பது உள்ளங்காலில், இரண்டாம் விரலின் அடியில் உருவாகும் காய்ப்பும் அதன் வலியும். சீவி எடுத்தாலும் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்பவும் தடிக்கிறது.

அதே இடத்தில் தடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நடக்கும்போது குதிகால் எழும்பியதும் உடலின் பாரம் முன்பாதத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே வரிசையாக இருக்கும் ஐந்து எலும்புத் தலைகளில் பெருவிரலுக்கு உரியதுதான் மிகத் தடிமனானது. அதன் அடியில் இரண்டு சிற்றெலும்புகள் முட்டுக்கொடுக்கின்றன. பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது, குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் நார்ப்பட்டை இழுபட்டுப் பாதத்தின் வளைவை உயர்த்துகிறது; தரையை உந்தித் தள்ளும் விறைப்பு காலுக்கு வருகிறது. இந்த இயக்கத்தை ஜே.எச். ஹிக்ஸ் 1954-இல் விளக்கினார்.

பெருவிரல் சாய்ந்த காலில் இந்த ஏற்பாடு குலைகிறது. பெருவிரலுக்கு உரிய முதல் எலும்பு உட்பக்கமாக நகர்கிறது. சிற்றெலும்புகளோ பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன. முட்டு இழந்த எலும்பால் தரையை அழுத்தி ஊன்ற முடிவதில்லை. சப்பரம் தூக்குபவர்களில் பலசாலி தோளை இறக்கினால் அடுத்தவர் தோளில் சுமை ஏறுவதுபோல, பாரம் இரண்டாம், மூன்றாம் எலும்புத் தலைகளுக்குப் போகிறது. அவை மெலிந்தவை, அத்தனை சுமைக்கு அமைந்தவை அல்ல. அழுத்தமானித் தகடுகளில் பெருவிரல் சாய்ந்தவர்களை நடக்கவிட்டால், பலருக்குப் பெருவிரலின் பங்கு குறைந்து நடு முன்பாதத்தில் அழுத்தம் கூடியிருப்பது தெரிகிறது.

அழுத்தமும் உராய்வும் ஓரிடத்திலேயே தொடர்ந்தால், மேல்தோலின் செல்கள் வேகமாகப் பெருகி, கெரட்டின் நிறைந்த அடுக்குகளாகக் குவிகின்றன. தோலுக்கு இது தற்காப்பு. வெறுங்காலில் நடப்பவர்களுக்குப் பாதம் முழுக்கப் பரவும் காய்ப்பு கெடுதலே அல்ல. கென்யாவில் நடந்து, 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, அத்தகைய காய்ப்பு தொடு உணர்வை மழுக்குவதில்லை என்று காட்டியது. ஓரிடத்தில் மட்டும் திரளும் காய்ப்பு வேறு வகை. கெட்டிப்பட்ட அந்தத் தோல் தானே அடியில் உள்ள திசுவை அழுத்துகிறது; அழுத்தம் கூட, காய்ப்பு இன்னும் தடிக்கிறது.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்து. வலி தெரியாததால் காய்ப்பின் அடியில் இரத்தம் கசிந்து புண்ணாகும் வரை அவர்கள் அறிவதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்த பால் பிராண்ட், மரத்த காலில் புண் வரப் பெரிய அடி எதுவும் வேண்டியதில்லை, நாள் முழுக்க ஒரே இடத்தில் விழும் மிதமான அழுத்தமே போதும் என்பதை அழுத்தமாகச் சொன்னவர். பாரத்தைப் பரப்பும் செருப்பே அவர் வலியுறுத்திய மருந்து. சர்க்கரை நோயாளிகள் காய்ப்பைத் தாமே பிளேடால் சீவுவதையும், அமிலம் தடவிய கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதையும் அறவே விட்டுவிட வேண்டும். பயிற்சி பெற்றவர் சீவினால் அந்த இடத்தின் அழுத்தம் கணிசமாகக் குறையும். ஆனால் பாரத்தை இடம் மாற்றாவிட்டால் அந்தப் பலன் நிலைக்காது.

அதற்கு முதலில் முன்பக்கம் அகலமான, குதி தாழ்ந்த காலணி வேண்டும். எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் பொருந்தும் மெத்தை உதவும்; நேர் கீழே வைத்தால் அழுத்தம் கூடிவிடும். அறுவைச் சிகிச்சையிலும் இதே கணக்குதான். கோணத்தைத் திருத்தும்போது முதல் எலும்பு அதிகமாகக் குட்டையானால், விரல் நேரான பின்னும் பாரம் இரண்டாம் எலும்பின் மேலேயே விழும். ஆகவே அறுவை மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் கோணத்தோடு எலும்புகளின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.