கைப்பேசிக்குள் யார் இருக்கிறார்?



சென்ற தவணையில் ஒரு மதியம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள். "சார், அம்மா ராத்திரியெல்லாம் கைப்பேசியில யார்கிட்டயோ எழுதிப் பேசுறாங்க. கேட்டா, ஆள் இல்ல, ஏ.ஐ.ன்னு சொல்றாங்க. ஆள் இல்லாம எப்படி சார் பதில் வரும்?" என்றாள். தகப்பனார் சிங்கப்பூரில் வேலை. தாயார் பகலெல்லாம் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்றொரு பேராசிரியர் இருந்தார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1936-இல், பதின்மூன்று வயதில், பெர்லினை விட்டு வந்தவர். அவர் செய்த 'எலிசா' என்ற உரையாடும் நிரலைப் பற்றிய கட்டுரை 1966 ஜனவரியில் வெளிவந்தது. அதில் அவர் செய்த உபாயத்தைக் கவனியுங்கள். நிரல் நடிகனைப் போன்றது. அதற்குப் பேச்சுக் கொடுப்பது தனியாக எழுதிய ஒரு வசன ஏடு. ஏட்டை மாற்றினால் வேடமும் மாறும். அவர் எழுதிய ஏடுகளில் பெயர்பெற்றது மனநல மருத்துவர் வேடம். 'அம்மா' என்ற சொல் கண்ணில் பட்டால் குடும்பத்தைப் பற்றிக் கேள். 'நான்' என்று வந்தால் 'நீ' என்று திருப்பிக் கேள். ஒன்றும் புரியாவிட்டால், மேலே சொல் என்று சொல். அவ்வளவுதான் சரக்கு!

மாதக்கணக்காக அவர் அதைச் செய்வதைப் பார்த்திருந்த அவருடைய செயலாளரே ஒரு நாள் எலிசாவோடு பேச உட்கார்ந்தார். நாலு வரி போனதும், "ஐயா, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று கேட்டுக்கொண்டாராம். உள்ளே ஆளில்லை என்று அறிந்தவரே மனத்தைத் திறந்துவிட்டார். வைசன்பாம் ஆடிப்போனார். கணினியிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று 1976-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால் வித்தை பூட்டிக் கிடக்கவில்லை. 1977-இல் ஓர் அமெரிக்கக் கணினி இதழ் எலிசாவைப் 'பேசிக்' மொழியில் அச்சிட்டது. வீட்டுக் கணினி வைத்திருந்தவர்கள் வரி வரியாகத் தட்டி, தமக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார்கள். 1995-இல் ரிச்சர்டு வாலஸ் என்பவர் 'ஆலிஸ்' என்ற உரையாடியைத் தொடங்கினார். அதை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டதால் முகந்தெரியாத பலர் கேள்வியும் பதிலும் எழுதிச் சேர்த்தார்கள். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். கைப்பக்குவத்தை ஒளிக்காமல் ஊருக்கே சொல்லிக்கொடுக்கும் சமையற்காரி மாதிரி. ஆலிஸ் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் லோப்னர் பரிசு பெற்றது.

இன்று கைப்பேசியில் பேசுவது இந்த வகை அல்ல. அது மலைமலையாக எழுத்துகளைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோக்கிறது. அதன் உள்ளே நாம் எட்டிப் பார்க்க முடியாது. எலிசாவைப் போல ஒன்றை நாமே செய்து பார்க்கலாமே என்று பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். 'பைத்தான்' மொழி இலவசம். பள்ளியில் பழைய கணினி ஒன்று இருந்தது.

'எனக்குப் பசிக்கிறது' என்றால் 'உனக்கு ஏன் பசிக்கிறது?' இது சுலபம். முதற்சொல்லை மாற்றினால் போதும். 'நான் அழுதேன்' என்றால்? ஆங்கிலத்தில் ஆளை மாற்றினால் முடிந்தது. தமிழில் வினையின் வாலும் திரும்ப வேண்டும்: 'நீ ஏன் அழுதாய்?' சரி, 'ஏன்' என்று முடிவதையெல்லாம் 'ஆய்' ஆக்கு என்று பிள்ளைகள் விதி எழுதினார்கள். ஒரு வால்பையன் 'நான் தேன் குடித்தேன்' என்று தட்டினான். 'நீ ஏன் தாய் குடித்தாய்?' என்று வந்ததே பதில்! வகுப்பு சிரித்து அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்று என்று திருத்தினோம். 'நான் குடித்தது தேன்' என்றால் இன்னமும் அது தடுமாறத்தான் செய்கிறது.

தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அந்தத் தாயாரை மகள் கணினி முன் உட்கார வைத்தாள். ஒரே விரலால், 'நான் களைத்துவிட்டேன்' என்று தட்டினார். 'நீ ஏன் களைத்துவிட்டாய்?' என்று வந்தது.

"பெரியவங்களப் போய் நீங்குது பாரு," என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "ஏம்மா, ரொம்பக் களைப்பா?" என்று கேட்டாள். இருவரும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நான் அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவள் வந்து நின்றாள். பெரியவர்கள் பேசினால் 'ஆய்' என்பதற்குப் பதில் 'ஈர்கள்' என்று வர வேண்டுமாம். ஆனால் பேசுகிறவர் பெரியவர் என்று கணினிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். முதலில் வயதைக் கேட்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.