தண்டவாளம் போனது, பாதை நிற்கிறது!

நம்மில் பலருக்குச் சிங்கப்பூரில் ஓர் உறவினராவது இருப்பார். தம்பி கட்டட வேலையில் இருப்பான். மைத்துனர் கப்பல் பட்டறையில் இருப்பார். அடுத்த முறை அவர் போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள், "ரெயில் ஓடிய பாதையில் நடந்திருக்கிறீர்களா?" என்று.

தெற்கே தஞ்சோங் பகார் பகுதியில் தொடங்கி வடக்கே உட்லண்ட்ஸ் வரை, தீவைக் குறுக்கே கடக்கும் பாதை அது. நீளம் 24 கிலோமீட்டர். 2011 வரை அதில் மலேசிய ரெயில் ஓடியது. இன்று ஜனங்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே வேலை இல்லை.

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வரை ரெயில் போட்டது 1903-ல். 1923-ல் கடலின் குறுக்கே ஜோகூருக்கு அணைப்பாதை வந்ததும், ரெயில் நேரே மலாய் நாட்டுக்குள் போயிற்று. 1932-ல் பாதையின் தெற்குப் பகுதியை மாற்றி அமைத்து, தஞ்சோங் பகாரில் பெரிய ஸ்டேஷன் கட்டினார்கள். எல்லாம் மீட்டர்கேஜ். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போன நம் பழைய போட்மெயிலுக்கும் அதே அகலம்தான்.

1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. ஆனால் ரெயிலும் ரெயில் நிலமும் மலேசியாவிடமே இருந்தன. இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1998-க்குப் பிறகு, தஞ்சோங் பகாரில் வண்டி ஏறும் பிரயாணிக்கு மலேசியாவுக்குள் நுழையும் சோதனை முதலில் முடிந்துவிடும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனை அதற்குப் பிறகு, உட்லண்ட்ஸில்! இன்னும் விட்டுப் போகாத நாட்டில் இருந்துகொண்டே அடுத்த நாட்டுக்குள் அனுமதி பெற்றாயிற்று.

நடுவில் புக்கிட் தீமா என்று ஒரு சின்ன ஸ்டேஷன். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் அங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். ஸ்டேஷன்காரர் வளையத்தில் கோத்த டோக்கனை நீட்டுவார். டிரைவர் அதை வாங்கிக்கொள்வார். டோக்கன் கையில் இருந்தால்தான் முன்னே போகலாம். எதிரே வண்டி வராது என்பதற்கு அதுவே உத்தரவாதம். ரெயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் நகரமான சிங்கப்பூரில் கடைசி நாள் வரை இந்த முறைதான் இருந்தது.

2011 ஜூன் 30-ந் தேதி இரவு கடைசி ரெயில் புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது.

துண்டு போடவில்லை

இங்கேதான் கேள்வி எழுந்தது. அடி நிலத்துக்கும் விலை பேசும் ஊர் அது. 24 கிலோமீட்டர் நிலத்தைக் கூறு போட்டால் எத்தனை அடுக்குமாடி எழும்பும்! ஆனால் 2010-லேயே, அங்குள்ள இயற்கைச் சங்கத்தார் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: "இதை அறுக்காதீர்கள், முழுசாகப் பசுமைப் பாதையாக விடுங்கள்." அதன் பயன் எளிமையானது. ஒரே இடத்தில் அறுந்தாலும் அது பாதை இல்லை, இரண்டு புல்வெளிகள்தான்.

2011 ஜூலை முதல் பாதியில் ஜனங்களைத் தண்டவாளத்தின் மேலேயே நடக்கவிட்டார்கள். பிறகுதான் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பாதை முழுசாக இருக்கும் என்று அரசும் ஏற்றுக்கொண்டது. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. விவசாயம், வாணிபம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சலவைக்கல் உருவங்கள் அதன் முகப்பில் இன்னும் நிற்கின்றன. புக்கிட் தீமா ஸ்டேஷனைப் பழுது பார்த்து 2022 ஜூலையில் திறந்தார்கள். நம் பக்கத்தில் கைவிட்ட ரெயில் பாதையில் முள் மண்டுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பொறாமையாகத்தான் இருக்கும்.

முனீஸ்வரன் சாட்சி

அந்த ரெயிலில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் உண்டு. குயின்ஸ்வே பக்கம் ரெயில் பாதையோரம் குடியிருந்த தொழிலாளிகள் 1932-ல் முனீஸ்வரனுக்குச் சிறு கோவில் ஒன்று எழுப்பினார்கள். ஊரை விட்டு வந்தவனுக்குக் காவல் தெய்வம் வேண்டும் அல்லவா? பம்பாயில் தாராவிக்கு வந்தவர்களும் கோலார் தங்கவயலுக்குப் போனவர்களும் செய்தது அதைத்தானே!

இன்று அந்தச் சாமி, காமன்வெல்த் டிரைவ் என்ற தெருவில் பெரிய கோவிலில் இருக்கிறார். ரெயில் நின்று போனாலும் பூஜை நிற்கவில்லை. பாதையில் நடக்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுத் தூரமும் ஒரே நாளில் நடக்க வேண்டாம், வெயில் வாட்டிவிடும். கிங் ஆல்பர்ட் பார்க் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா ஸ்டேஷன் பக்கம்தான். அங்கே கொஞ்சம் தண்டவாளத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அருகிலேயே சாலைக்கு மேல் பழைய இரும்புப் பாலம். அதன் மீது நடந்து போகலாம். கையில் தண்ணீர் பாட்டிலும் குடையும் இருக்கட்டும். அந்த ஊர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.