புயற்காற்றும் ஆலயக் கூரையும்

நாகைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் புயலைப் பற்றி எவரும் பாடம் சொல்லித் தர வேண்டுவதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் வானத்தைப் பார்ப்பதும், வானிலை அறிக்கைக்குக் காது கொடுப்பதும், துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டறிவதும் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டன. ஆனால் புயல் போன மறுநாள் எழுத வேண்டிய காகிதங்களைப் பற்றி அறிந்தவர்கள் எங்களில் மிகச் சிலரே. வீட்டுக்கும் படகுக்கும் அரசின் நிவாரணம் உண்டு என்பதை எல்லோரும் அறிவர். ஊருக்கே பொதுவான ஆலயத்தின் கூரை பறந்துவிட்டால் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

1964 டிசம்பரில் வீசிய பெரும் புயலுக்குப் பின், தனுஷ்கோடியில் தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. சுற்றுலா சென்ற மாணவர் பலரும் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பர். ஒரு கட்டடத்தில் காற்று முதலில் எதைக் கொண்டுபோகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மூன்றாம் ஆண்டு வணிகவியல் பயிலும் எனக்குக் காப்பீடு ஒரு பாடம். அதில் 'சராசரி விதி' என்னும் பகுதியைப் படித்தபோது, எங்கள் ஊர் ஆலயத்தின் கோப்பு ஒன்றை நினைத்துக்கொண்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் எங்கள் ஆலயத்தின் ஓட்டுக் கூரையில் பெரும் பகுதி சரிந்தது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். அதற்காகக் காப்பீட்டு நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒரு கோப்பாகப் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. பங்குத்தந்தையின் அனுமதியோடு அதை முழுவதும் படித்தேன். அதிலிருந்து நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காற்று கூரையை எடுக்கும் விதம்

காற்று கூரையைத் தள்ளி விழச் செய்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது கூரையைத் தூக்குகிறது. காற்று வந்து மோதும் பக்கத்தில் அழுத்தம் ஏற்படுகிறது. முகட்டைத் தாண்டிய மறுபக்கத்திலோ உறிஞ்சும் விசை ஏற்படுகிறது. முகட்டு ஓடுகளும் இறவாரத்து ஓடுகளும் முதலில் கழல்வது இதனால்தான்.

கட்டடப் பொறியாளர்கள் பின்பற்றும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி இதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 20 மீட்டர். அழுத்தம் 240 நியூட்டன், அதாவது சுமார் 24 கிலோ எடை. வேகம் இருமடங்காகி 144 கிலோமீட்டர் ஆனால் அழுத்தம் நான்கு மடங்காகி 960 நியூட்டன், அதாவது சுமார் 98 கிலோ எடை ஆகிறது. மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் ஒரு சதுர மீட்டர் ஓட்டின் எடை 40 கிலோ அளவில்தான் இருக்கும். முகட்டிலும் ஓரங்களிலும் உறிஞ்சும் விசை இந்த எடையை எளிதில் மிஞ்சிவிடுகிறது.

ஆலயத்திற்கு மற்றொரு பலவீனமும் உண்டு. அது குறுக்குச் சுவர் இல்லாத உயர்ந்த ஒரே கூடம். பெரிய கதவுகள், உயரமான கண்ணாடிச் சன்னல்கள் கொண்டது. காற்றடிக்கும் பக்கத்துச் சன்னல் ஒன்று உடைந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும். மேலே உறிஞ்சும் விசை, கீழே தள்ளும் விசை என இரண்டும் சேர்ந்தால் ஆணி பிடிக்காத ரீப்பர்கள் என்ன செய்யும்? மேற்கு நோக்கி நகரும் புயலின் மையம் ஊரின் மேலேயே கடந்தால் காற்று முதலில் வடக்கிலிருந்தும், சற்று ஓய்ந்தபின் தெற்கிலிருந்தும் அடிக்கும். முதற்காற்றில் தளர்ந்த பக்கத்தை இரண்டாம் காற்று முடித்துவிடுகிறது.

இந்த விவரங்கள் பௌதிக மாணவருக்கு மட்டும் உரியவை அல்ல. சேதம் காற்றால் வந்ததா, பழமையால் வந்ததா என்ற கேள்விக்கு விடை இவற்றில்தான் இருக்கிறது. காப்பீட்டில் பெரும் வழக்கே அந்தக் கேள்விதான்.

பத்திரத்தில் என்ன இருக்கிறது?

ஆலயம் போன்ற கட்டடங்களுக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் 'தீக் காப்பீடு' என்று வழங்கும் பாலிசியே. பெயரில் தீ மட்டும் இருந்தாலும், 2018 இல் நடப்பில் இருந்த பொதுப் பத்திரத்தில் இடி, புயல், சூறாவளி, வெள்ளம் முதலியனவும் அடங்கியிருந்தன. எனினும் பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் புயல், வெள்ளம் ஆகியவற்றை நீக்கிவிட்டுப் பாலிசி எடுக்கவும் அதில் வழி இருந்தது. ஆதலால் பத்திரம் கையில் வந்த அன்றே 'புயல் உண்டா?' என்று பார்ப்பது முதற்கடமை.

இரண்டாவது, எவையெவை எழுதப்பட்டுள்ளன என்பது. ஆலயம் மட்டும் எழுதப்பட்டு, மணிக்கூண்டும் சுற்றுச்சுவரும் விடுபட்டிருந்தால் அவற்றிற்கு ஒரு காசும் வராது. பழைய ஓவியம், கலைப்பொருள் ஆகியவை பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டவையானால் தனியே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அப்பத்திரத்தின் விதி. பீடத்தின் மேலுள்ள நூறாண்டுப் பழமையான சுரூபத்திற்கு இது பொருந்தும்.

மூன்றாவது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது. ஆலயத்தைப் பராமரிப்பது ஊர். சட்டப்படி உரிமையாளர் பெரும்பாலும் மறைமாவட்டமோ ஓர் அறக்கட்டளையோ ஆகும். தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. கையொப்பமிட உரிமை பெற்றவர் யார் என்பதைப் புயலுக்குப் பின் தேடத் தொடங்கினால் நாட்கள் வீணாகும்.

முதல் பதினைந்து நாட்கள்

சேதம் நேர்ந்தவுடன் நிறுவனத்திற்குத் தெரிவித்துவிட்டு, பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் உரிமை கோர வேண்டும் என்பது அப்பத்திரத்தின் நிபந்தனை. கஜாவுக்குப் பின் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நாட்களில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நாகை சென்று கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை பெற்று வந்திருக்கிறார். கோப்பின் முதல் தாள் அதுதான்.

அடுத்து, மேலும் சேதம் வளராமல் தடுப்பது காப்பீடு பெற்றவரின் கடமை. திறந்த கூரை வழியே மழை இறங்கிப் பலிபீடமும் பலகைகளும் நனைந்தால், 'ஏன் மூடவில்லை?' என்ற கேள்வி வரும். எனவே தார்பாய் போட வேண்டும். ஆனால் அதற்கு முன் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் தூரத்திலிருந்து ஒன்றும், அருகிலிருந்து ஒன்றுமாக எடுப்பது நல்லது. உடைந்த ஓட்டையும் முறிந்த கைமரத்தையும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அப்புறப்படுத்தலாகாது. அவற்றில் மீண்டும் பயன்படக்கூடியவற்றின் மதிப்பைக் கழித்துக்கொண்டே தொகை கணக்கிடப்படும். தார்பாய் வாங்கிய ரசீது, ஆட்கூலிச் சீட்டு, பொறியாளரின் மதிப்பீடு, வானிலை ஆய்வு மையத்தின் காற்று வேகக் குறிப்பு ஆகியவை இதனுடன் சேர வேண்டியவை.

சர்வேயர் வருகிறார்

சர்வேயர் என்றதும் எங்கள் ஊரில் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர் என்றுதான் நினைத்தார்களாம். காப்பீட்டுச் சர்வேயர் என்பவர் சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்றவர். நிறுவனமே அவரை நியமித்தாலும், உள்ளதை உள்ளபடி எழுதுவது அவர் தொழில்.

வந்தவர் கைமரங்களைப் பார்த்துவிட்டு, சில மரங்கள் ஏற்கனவே செல்லரித்தவை என்றும், கூரை முன்பே தொய்ந்திருக்கலாம் என்றும் குறித்தார். இயல்பான தேய்மானத்திற்குக் காப்பீடு பொறுப்பேற்பதில்லை. அப்போது ஊரைக் காப்பாற்றியவை இரண்டு தாள்கள். ஒன்று, அவ்வாண்டுத் திருவிழாக் கொடியேற்றத்தின்போது எடுத்த புகைப்படம். கொடிமரத்திற்குப் பின்னால் ஆலய முகடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது அதில் தெரிந்தது. மற்றொன்று, முந்தைய ஆண்டு ஆசாரி கைமரம் மாற்றியதற்கு எழுதிக் கொடுத்த கூலிச் சீட்டு. இவை இரண்டையும் இணைத்து எழுதிய பிறகு, செல்லரித்த நான்கு மரங்கள் நீங்கலாக மற்றவை காற்றின் சேதம் என்றே ஏற்றுக்கொள்ளப்பட்டன.

சராசரி விதி

இவ்வளவு செய்தும் கிடைத்த தொகை மதிப்பிட்ட சேதத்தில் ஏறக்குறையப் பாதியே. காரணம் சர்வேயரும் அல்லர், நிறுவனமும் அன்று. சராசரி விதியே காரணம்.

விளக்கத்திற்காக எளிய எண்களை அமைத்துக்கொள்வோம். ஓர் ஆலயத்தின் உண்மை மதிப்பு 80 லட்சம் ரூபாய். பிரீமியம் குறையட்டும் என்று 40 லட்சத்திற்கே காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது. புயலில் நேர்ந்த சேதம் 6 லட்சம். '40 லட்சத்திற்கு எழுதியிருக்கிறோமே, 6 லட்சமும் வரும்' என்றே யாரும் நினைப்பர். விதி அவ்வாறு பார்ப்பதில்லை. பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவர், மீதிப் பாதிக்குத் தாமே காப்பாளர் ஆகிறார். ஆகவே கிடைப்பது 3 லட்சம். அதிலும் இயற்கைச் சீற்றத்திற்கு 5 விழுக்காடு, குறைந்தது 10,000 ரூபாய், காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டும் என்பது 2018 இன் பத்திர விதி. அதன்படி 15,000 ரூபாய் கழிந்து கைக்கு வருவது 2,85,000 ரூபாய்.

எங்கள் ஆலயத்தின் தொகை பல்லாண்டுகளுக்கு முன் எழுதியபடியே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. இடையில் மரமும் ஓடும் கூலியும் விலையேறியதை எவரும் கணக்கில் கொள்ளவில்லை. மீதிப் பாதியை ஊர் தலைக்கட்டு வரி போட்டுத் திரட்டியது. படகு உடைந்து, வலை போய், தென்னை சாய்ந்து கிடந்த குடும்பங்கள் கொடுத்த பணம் அது. கோப்பின் கடைசியில் அந்த வசூல் பட்டியலும் இருக்கிறது. கொடுத்தவர்களில் பலர் என் உறவினர்கள். காப்பீட்டுப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்த விதியின் பொருள், அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

பழைய கட்டடங்களுக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. சந்தை மதிப்பில் காப்பீடு செய்தால் தேய்மானம் கழிக்கப்படும். மறுநிர்மாண மதிப்பில் செய்தால் புதிதாகக் கட்டும் செலவே கணக்கு. நூறாண்டுக் கட்டடத்திற்கு இவ்விரண்டின் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 2021 ஏப்ரல் முதல் வந்துள்ள புதிய சிறு நிறுவனப் பத்திரங்களில் 15 விழுக்காடு வரையிலான மதிப்புக் குறைவு மன்னிக்கப்படுகிறது. தமது ஆலயத்திற்கு எந்தப் பத்திரம் பொருந்தும் என்பதை நிர்வாகக் குழுவினர் முகவரிடம் கேட்டறிந்து எழுதி வாங்கிக்கொள்வது நன்று.

நாம் செய்யக்கூடியது

புயலுக்குப் பின் எவ்வளவு வாதாடினாலும், புயலுக்கு முன் எழுதிய தொகையைத் தாண்ட முடியாது. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இங்கே ஓர் எண்ணைச் சரியாக எழுதுவதுதான். ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு, கோடையில் கூரைச் சோதனை, நாற்புறமும் புகைப்படம், பழுது பார்த்த சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு படியை ஊரிலும் மற்றொரு படியை வெளியூரிலும் வைத்தால் போதும்.

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஊர்ச் சாவடிக்கும் இதே கணக்குதான். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். வரும் கோடை முகாமில் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பொதுக் கட்டடங்களை அளந்து, படமெடுத்து, மதிப்பீட்டுப் பதிவேடு ஒன்றை அமைத்துக் கொடுத்தால் என்ன? அளப்பதற்குப் பௌதிக மாணவரும், கணக்கிற்கு வணிகவியல் மாணவரும், பத்திரங்களைத் தமிழில் விளக்க இலக்கிய மாணவரும் நம்மிடையே இருக்கின்றனர். அடுத்த ஐப்பசிக்குள் ஓர் ஊருக்கேனும் இதைச் செய்து முடிக்கலாம்.