நிமிடத்துக்கு 225 வார்த்தை! விரல்கள் ஓடுவது எப்படி?

காலாப்பட்டு:

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரை சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு. அங்கே சட்டக் கல்லூரி இருக்கிறது. மத்திய சிறையும் இருக்கிறது.

சட்டம் படித்தவர் ஒரு பக்கம். குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொரு பக்கம். கோர்ட்டில் இரண்டு பேருக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வாய் திறப்பதில்லை. விரல்தான் பேசும். அவர்தான் ஸ்டெனோ!

சாட்சி "பார்க்கவில்லை" என்றதை, அவர் "பார்த்தேன்" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஒரு ஆளின் தலையெழுத்தே மாறிவிடும். அதனால்தான் இந்தத் தொழிலில் வேகம் பாதி, சுத்தம் பாதி.

ஆர்மோனியம் போல ஒரு மெஷின்

நம் ஊரில் ஸ்டெனோ என்றால் நோட்டும் பென்சிலும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்துக்காரர் ஐசக் பிட்மேன் 1837-ல் வெளியிட்ட முறை அது.

வெளிநாடுகளில் இதற்கு மெஷினே உண்டு. புதுவையில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில், 1909-ல், பிரான்சில் மார்க் கிராண்ஜான் என்பவர் ஒரு சுருக்கெழுத்து மெஷினை உருவாக்கினார். அமெரிக்காவில் வார்டு ஸ்டோன் அயர்லாந்து என்பவர் செய்த மெஷினின் வழிவந்ததுதான் இன்று அந்த நாட்டு கோர்ட்டுகளில் ஓடுகிறது.

அதில் 22 கட்டைகள்தான். எண்களுக்குத் தனியாக ஒரு பட்டை. டைப்ரைட்டரில் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். இதில் ஆர்மோனியம் வாசிப்பது போல் பல கட்டைகளைச் சேர்த்து அமுக்க வேண்டும். இடது கை முதல் ஓசைக்கு, பெருவிரல்கள் உயிரெழுத்துக்கு, வலது கை கடைசி ஓசைக்கு. ஒரே அமுக்கில் ஒரு அசை முடிந்துவிடும்!

'சார், கொஞ்சம் மெதுவா!'

மெஷினோ பென்சிலோ, வேகம் இல்லாவிட்டால் வேலை இல்லை.

மத்திய அரசின் ஸ்டாப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் ஸ்டெனோ தேர்வில் 'டி' கிரேடுக்கு நிமிடத்துக்கு 80 வார்த்தை. 'சி' கிரேடுக்கு 100. டிக்டேஷன் 10 நிமிடம். 'சி' கிரேடு என்றால் மொத்தம் 1,000 வார்த்தை! ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதை 40 நிமிடத்தில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். "சார், கொஞ்சம் மெதுவா" என்று கேட்க முடியாது.

அமெரிக்காவில் கோர்ட்டு மெஷின் ஸ்டெனோக்களுக்கான சான்றிதழ் தேர்வில் 180, 200, 225 என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் 100-க்கு 95 சரியாக இருக்க வேண்டும். அந்த நாட்டு மார்க் கிஸ்லிங்பரி 2004-ல் நிமிடத்துக்கு 360 வார்த்தை எழுதி கின்னஸ் சாதனை செய்தார்!

கை ஓட மாட்டேங்குதா?

"கை ஓடவே மாட்டேங்குது!" ஸ்டெனோ படிக்கிற எல்லாருடைய புலம்பலும் இதுதான். உண்மையில் குறை கையில் இல்லை. இந்த வார்த்தையை எப்படி எழுதுவது என்று மனசு ஒரு கணம் தயங்குகிறதே, அங்கேதான் வேகம் போகிறது. தயங்கிய வார்த்தைகளைத் தனியாகக் குறித்து வைத்து, விரலுக்குப் பழகும் வரை எழுத வேண்டும்.

தினமும் 80-லேயே எழுதுகிறவர் 80-லேயே நிற்பார். ஒரே ஒரு நிமிடம் 95-ல் எழுதிப் பார்க்க வேண்டும். தப்பு வரும். வரட்டும்! அதே பகுதியை மறுபடி மறுபடி எழுத வேண்டும். பிறகு 85-க்கு இறங்கினால், வாசிக்கிறவர் தூங்கிக்கொண்டே வாசிப்பது போல் தெரியும். வேகம் ஏறுகிற ரகசியம் இதுதான்.

ஒரு வார்த்தை விட்டுப்போனால் பயிற்சியில் அதற்காக நிற்கக் கூடாது. நின்றால் ஒரு வரியே போய்விடும். ஆனால் எழுதி முடித்ததும் முழுவதையும் படித்துப் பார்த்து, தப்பை எண்ண வேண்டும். தன் எழுத்தைத் தானே படிக்க முடியாதவருக்கு வேகம் இருந்து என்ன பயன்?

மாதக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்பதும் உண்டு. பாதியில் விடுகிறவர்கள் பலரும் விடுவது இங்கேதான். ஒரு நாள் ஐந்து மணி நேரம் எழுதி, நாலு நாள் சும்மா இருப்பதைவிட, தினமும் ஒரு மணி நேரம் எழுதுவதே மேல்.

டிக்டேஷன் சொல்ல ஆள் இல்லையா? செல்போனில் தானே வாசித்துப் பதிவு செய்துகொள்ளலாம். மெஷின் வாங்கப் பணம் இல்லையா? 'பிளோவர்' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பல எழுத்துகளைச் சேர்த்து அமுக்கினாலும் ஏற்கிற கீபோர்டு இருந்தால், அதிலேயே ஆங்கில மெஷின் சுருக்கெழுத்தைப் பழகலாம்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே?

2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, வாதங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் உடனுக்குடன் எழுத்தாக்கும் சோதனையைத் தொடங்கியது. "இனி ஸ்டெனோ எதுக்கு?" என்ற கேள்வியும் எழுகிறது.

ஆனால் இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சாட்சி முணுமுணுப்பார். அந்த நேரத்தில் அவர் சொன்னது "ஆமாம்" என்பதா, "இல்லை" என்பதா என்று சரிபார்க்க ஒரு காது வேண்டும். பிடித்து வைக்க ஒரு விரல் வேண்டும்.

அந்த ஒரு "இல்லை"யில்தான் ஒருவர் காலாப்பட்டு சிறைக்குப் போவதும், வீட்டுக்குப் போவதும் இருக்கலாம்!