அம்மா டீச்சர், பிள்ளையும் அதே பள்ளி: விவாகரத்து என்று வந்தால்?

சாத்தூர் பக்கம் தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போகிற பலர் சம்பளத்தோடு பிள்ளையின் படிப்பையும் கணக்குப் போட்டே சேருகிறார்கள். ஆசிரியர் பிள்ளைக்குப் பல இடங்களில் ஃபீஸில் சலுகை உண்டு. போக வர ஒரே வேன். தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசு ஆலையிலோ இருக்கும் கணவருக்கும் அதில் நிம்மதி. பிரிவது என்று ஆனதும் அந்த ஏற்பாடே சிக்கலாகிறது. பள்ளி ஒருவருக்குப் பிழைப்பு. மற்றவருக்கோ எதிராளி உள்ளே உட்கார்ந்திருக்கும் இடம். அப்பா அங்கே பி.டி. மாஸ்டராக இருந்தாலும் இதே கதைதான்.

முதலில் சட்டம். இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுப் போடலாம். அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்த விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், விவரத்தை அச்சில் வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு.

பிள்ளை யாரிடம்? ஐந்து வயதுவரை வழக்கமாகத் தாயிடம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் தாண்டியிருப்பார்கள். அப்போது நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை. அதே பள்ளியில் வேலை பார்ப்பது தாய்க்கு ஒரு சாதகமான விஷயம்தான், ஆனால் அது மட்டுமே போதாது.

உத்தரவு வரும்வரை இருவரும் பெற்றோர்தான். சாயங்காலம் நாலு மணிக்கு கேட்டில் யாரிடம் பிள்ளையை விடுவது என்று வாட்ச்மேனோ தலைமை ஆசிரியையோ தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் கூப்பிட்டுப் போகும் நாள், கூப்பிட வரும் ஆள், இருவரின் போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். உத்தரவு வந்ததும் அதன் நகலைக் கொடுங்கள். அடி, மிரட்டல் என்று இருந்தால் விஷயம் வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், பெண் வேலை பார்க்கும் இடத்துக்குள் கணவர் நுழையக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். அந்த இடமே பிள்ளையின் பள்ளியும் என்பதால், அவர் பிள்ளையை எங்கே எப்படிப் பார்ப்பது என்பதையும் அப்போதே கேட்டு வாங்குவது நல்லது.

ரேங்க் கார்டு டீச்சர் அம்மா கைக்கு முதலில் வரும். அப்பாவுக்கு வராமலே போகலாம். பேரன்ட்ஸ் மீட்டிங், லீவு லெட்டர், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இருவருக்கும் தனித்தனியே வர வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். சக ஆசிரியர்களைச் சாட்சிக்கு இழுப்பதை முடிந்தவரை தவிருங்கள். நாளைக்கும் அவர்கள்தான் உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போகிறார்கள்.

பணத்தில் பலரும் கோட்டை விடுவது அந்த ஃபீஸ் சலுகையில்தான். அம்மா வேலையை விட்டால் அடுத்த டெர்மில் முழு ஃபீஸ் வந்து நிற்கும். 2020-இல் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். சலுகை எவ்வளவு, அது போனால் யார் கட்டுவது என்பதை அதில் எழுதுங்கள். பட்டாசுத் தொழிலில் கையில் காசு புரள்வது தீபாவளிக்கு முன்னால், ஃபீஸ் கேட்பது ஜூனில். தவணைத் தேதியை அதற்கேற்ப வைத்தால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டாம்.

கோபத்தில் தாளாளரிடம் போய் மனைவியைப் பற்றிப் புகார் வாசிக்கும் கணவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் வேலை போனால் ஃபீஸும் ஜீவனாம்சமும் அந்தக் கணவர் தலையிலேதான் விடியும்.

பள்ளியை மாற்றுவது என்றால் இருவரும் பேசி, கல்வியாண்டு முடிவில் மாற்றுங்கள். ஃபீஸ் பாக்கியைக் காட்டி டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன் எண் 15100.