குழி இறந்தவருக்கே சொந்தம்

அடக்கம் செய்த உடலையோ எலும்பையோ தோண்டி வேறிடம் கொண்டுபோவதை யூத சமயச் சட்டம் தடுக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த 'சுல்கான் ஆருக்' என்னும் சட்டநூல் இதில் கறாரானது. எளிய குழியிலிருந்து சிறப்பான குழிக்குக்கூட மாற்றக் கூடாது. இறந்தவர் இறைத்தீர்ப்புக்குக் காத்திருப்பவர். குழி அசைந்தால் தீர்ப்பு நாள் வந்துவிட்டதென்று கலங்குவார் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

விருதுநகர், சிவகாசிப் பக்கத்து இந்துக் குடும்பங்களுக்கு இது நேர்மாறாகத் தெரியும். எரித்த இடத்தில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, ராமேஸ்வரம் கடலில் கரைத்தால்தான் இங்கே கடன் தீரும். மரபு வழுவாத யூதரோ எரிப்பதே இல்லை.

தடைக்கு விலக்குகள் உண்டு. முன்னோர் பக்கத்தில் கிடத்துவதற்கும், இஸ்ரேல் மண்ணுக்குக் கொண்டுபோவதற்கும் எடுக்கலாம். பின்னால் மாற்றுவோம் என்று முதலிலேயே சொல்லிப் புதைத்திருந்தாலும் எடுக்கலாம். வெள்ளமோ திருடரோ குழியைக் குலைக்கும் நிலையிலும் அனுமதி உண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் இறந்தவர் நலனுக்காக. எகிப்தில் இறந்த யோசேப்பின் எலும்புகளை மோசே சுமந்து வந்ததாக வேதம் சொல்வதே இதற்கு மூத்த முன்மாதிரி. 1904இல் இறந்து வியன்னாவில் அடக்கமான சியோனிச இயக்கத் தலைவர் தியோடர் ஹெர்சல், தாம் உயிலில் கேட்டிருந்தபடி 1949இல் எருசலேமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இதே சமூகம் ஒரு காலத்தில் எலும்பை எடுப்பதையே வழக்கமாக வைத்திருந்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் உடலைக் குகைக் கல்லறையில் கிடத்தி, சதை அழிந்தபின் எலும்பைக் கல்பெட்டியில் சேர்த்தார்கள். சேர்க்கும் நாளில் பிள்ளைகள் பொழுது சாயும்வரை துக்கம் காத்தார்கள். எலும்பைப் பொறுக்கித் தாழியில் இட்ட பழந்தமிழர் வழக்கத்துக்கு இது வெகு தூரமில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை உரசிப்பார்க்க ஓரிடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பவளத்தையும் வைரத்தையும் நாடி ஐரோப்பிய யூத வணிகர்கள் சென்னைக்கு வந்தார்கள். பவளக்காரத் தெரு அவர்கள் விட்டுப்போன பெயர். அவர்களில் ஒருவரான ஜாக் டி பைவா, கோல்கொண்டா சுரங்கங்களுக்குப் போய்த் திரும்பி 1687இல் இறந்தார். பெத்துநாயக்கன்பேட்டையில் இருந்த யூதர் கல்லறையில் அடக்கம் நடந்தது. பின்னாளில் அந்த நிலம் வேறு தேவைக்குப் போயிற்று. எஞ்சிய கல்வெட்டுகள் இடம் மாறி மாறி, கடைசியில் இராயப்பேட்டையை ஒட்டிய லாயிட்ஸ் சாலைக்கு (இன்றைய அவ்வை சண்முகம் சாலை) வந்தன. அங்கே உள்ள கற்களின் வயது, அவை வந்துசேர்ந்த அந்தப் புதிய கல்லறையின் வயதைவிட அதிகம்.

கல் போன இடத்துக்கு எலும்பும் போயிற்றா என்றுதான் சட்டம் கேட்கும். கல் வெறும் அடையாளம். குழிக்குரிய தடைகள் முதன்மையாக உடல் கிடக்கும் இடத்துக்குத்தான். அந்தக் குழியிலிருந்து யாரும் பலன் பெறக் கூடாது. குருமார் வம்சத்தில் பிறந்த யூதர் அதன்மேல் நடக்கவே கூடாது. குழிக்கு அடையாளம் வைப்பதன் ஒரு நோக்கம் அவர்களை எச்சரிப்பது. கல்லைப் பெயர்த்துவிட்டு எலும்பை விட்டுவந்தால் அந்த எச்சரிக்கை அழிந்துபோகும்.

கொச்சியில் நடந்தது வேறு. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நெகேமியா மோட்டா அடக்கமான யூதர் கல்லறை மறைந்து வீடுகள் எழும்பிவிட்டன. அவருடைய சமாதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.