மணலில் எழுதும் கணினி

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் எழுதுதற்கு இருவகை இடங்கள் இருந்தன. ஒன்று மணல், மற்றொன்று பனையோலை. சிறுவர் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவர். உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் எழுதியது மறைந்து, மணல் மீண்டும் புதிய ஏடாகிவிடும். நிலைத்து நிற்க வேண்டியவற்றை எழுத்தாணி கொண்டு ஓலையில் பொறிப்பர். மணலில் எழுதுவது எளிது. ஆயின் அது நில்லாது. ஓலையில் எழுதுவது அரிது. ஆயின் அது நிலைக்கும். எதனை எங்கே எழுதுவது என்னும் இவ்வறிவு, இக்காலத்துக் கணினியைக் கையாள்வோர்க்கும் வேண்டுவதாகும்.

கணினியுள்ளும் மணலும் ஓலையும் போன்ற இரண்டு இடங்கள் உள. ராம் எனப்படும் நினைவகம் மணல் போன்றது. வட்டு ஓலை போன்றது. நினைவகத்தில் உள்ள ஒரு செய்தியை எடுக்க, ஒரு நொடியைக் கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறளவு நேரம் ஏறத்தாழப் போதும். சுழலும் வட்டில் அதனைத் தேடி எடுக்க, நொடியில் நூற்றில் ஒரு கூறு வரை ஆகும். சுழலும் உறுப்பில்லாத திண்மநிலை வட்டு அதனினும் மிக விரைவுடையது. எனினும் நினைவகத்திற்கு ஈடாகாது. ஆனால் மின்சாரம் நின்றவுடன் நினைவகத்தில் உள்ளவை யாவும் மறையும். வட்டில் எழுதப்பட்டவை அழியா.

கணினி தன் பணிக்கிடையே சில கோப்புகளைத் தானே ஆக்கித் தானே அழிக்கும். பேரகராதி ஒன்றன் சொற்களை அகரவரிசைப்படுத்துங்கால், பாதி வரிசைப்பட்ட பகுதிகளை அது ஓரிடத்தில் வைக்க வேண்டும். பணி முடிந்ததும் அப்பகுதிகளால் பயனில்லை. கட்டடம் எழுந்தபின் சாரத்தை அவிழ்த்துவிடுவது போல அவை நீக்கப்படும். இவையே தற்காலிகக் கோப்புகள். லினக்ஸ் இயங்குதளத்தில் இவற்றிற்கென்றே ‘டெம்ப்’ என்னும் அடைவு ஒன்று உண்டு.

பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில் லினக்ஸைத் தொடங்கினார். நெடுங்காலம் இந்த டெம்ப் அடைவு பெரும்பாலும் வட்டிலேயே அமைந்திருந்தது. சிறிது நேரமே வாழும் கோப்பை வட்டில் எழுதுவானேன்? சாரத்தைக் கருங்கல்லாற் கட்டுவார் உண்டோ? இக்கருத்தினின்றும் பிறந்ததே ‘டெம்ப்எஃப்எஸ்’ என்னும் கோப்பு முறைமை. லினக்ஸில் இது 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 2.4 வரிசையில் இடம்பெற்றது. இதன்படி, கோப்பு வட்டிற் செல்லாமல் நினைவகத்திலேயே வைக்கப்படும். பெயர், அளவு, திறத்தல், மூடல் ஆகியவற்றில் அதற்கும் பிற கோப்புகளுக்கும் வேறுபாடு இல்லை. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த பெடோரா 18உம், 2025ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 13உம் டெம்ப் அடைவை இம்முறையிலேயே அமைத்தன.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. முதலாவது விரைவு. இரண்டாவது வட்டின் ஆயுள். திண்மநிலை வட்டின் ஒவ்வொரு நுண்ணறையும் குறிப்பிட்ட முறையே எழுதி அழிக்கத் தாங்கும். வீண் எழுத்துக் குறையின் அதன் தேய்மானமும் குறையும்.

இனி, இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். வேறு அளவு குறிக்கப்படாவிடின், டெம்ப்எஃப்எஸ் நினைவகத்தில் பாதி வரை வளரலாம். 8 ஜிகாபைட் நினைவகமாயின் 4 ஜிகாபைட் வரை இடம் கொள்ளும். அந்தப் பாதி முன்னதாகவே ஒதுக்கப்பட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். அஃது உண்மையன்று. கோப்புகள் உள்ள அளவே இடம் செல்லும். அவை நீங்கினால் இடமும் மீளும். நினைவகம் நெருக்குண்டால், இக்கோப்புகளின் பகுதிகள் வட்டில் உள்ள இடமாற்றுப் பகுதிக்குத் தள்ளப்படுதலும் உண்டு.

ஆயினும் ஓர் இடர் உளது. அகராதி மிகப் பெரிதாகி நினைவகம் போதாமையினால் அன்றோ, வரிசைப்படுத்தும் நிரல் தன் பகுதிகளை வெளியே வைக்கப் புகுந்தது? அது வைத்த இடமும் நினைவகமே ஆயின், வீட்டில் இடமில்லையென்று முற்றத்தில் இறக்கிய மூட்டை மீண்டும் வீட்டிற்குள்ளேயே வந்து சேர்ந்தது போலாகும். அத்தகைய பெரும்பணிக்கு, ‘வார்’ என்னும் அடைவினுள் அமைந்த மற்றொரு டெம்ப் அடைவு உண்டு. அது பொதுவாக வட்டில் இருப்பது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் அதிலுள்ளவை நிற்கும். அதனைப் பயன்படுத்துமாறு நிரலுக்குக் கட்டளையிடலாம்.

இதனினும் பெரிய இடர் மறதியால் வருவது. மாணவன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து கட்டுரை எழுதி, எளிதாகக் கிடைத்த இடமென்று அதனை டெம்ப் அடைவில் சேமித்தான் என்க. கோப்பின் பெயர் திரையில் தோன்றியது, திறந்தபோது திறந்தது. ஐயுறுதற்கு ஏதும் இல்லை. விடியலில் மின்சாரம் நின்றது, கட்டுரையும் மறைந்தது. வட்டில் எழுதி அழிந்த கோப்பையேனும் வல்லுநர் சிலவேளை மீட்பர். வட்டையே அடையாத கோப்பை எங்கே தேடுவது? கணினி பிழை செய்யவில்லை. மணலில் எழுதுமாறு அவன் சொன்னான். அது மணலில் எழுதியது.

மாணவர்களே! மணல் இகழத்தக்கதன்று. அதில் எழுதிப் பழகிய விரல்களே பின்னர் எழுத்தாணி பிடித்தன. அழியத்தக்கதை அழியும் இடத்தில் வைப்பது சிக்கனம். அழியத்தகாததை அங்கே வைப்பது அறியாமை. ஆதலின் ஒரு கோப்பைச் சேமிக்குமுன், “இது நாளையும் வேண்டுமோ?” என்று உங்களை நீங்களே வினவுங்கள். வேண்டும் என்பது விடையாயின், ஓலையைத் தேடுங்கள்.